கார்ல்சன் - எய்ல்ஸ் வழக்கு: 2 கோடி டாலர் சமரசம் எப்படி உருவானது

2016 ஜூலை 6 அன்று நியூ ஜெர்சி மாநிலம் பெர்கன் கவுன்ட்டியின் சுப்பீரியர் நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. வாதி, ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் 11 ஆண்டுகள் பணியாற்றிய தொகுப்பாளர் கிரெட்சன் கார்ல்சன். பிரதிவாதி, அந்தச் சேனலின் தலைவர் ராஜர் எய்ல்ஸ். பாலியல் ரீதியான அணுகலுக்கு இணங்காததாலும் பாகுபாடு பற்றிப் புகார் சொன்னதாலும் தன்னை வேலையிலிருந்து நீக்கினார் என்பது குற்றச்சாட்டு. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 6 அன்று, சேனலின் தாய் நிறுவனமான ட்வென்டி ஃபர்ஸ்ட் சென்சுரி ஃபாக்ஸ் சமரசம் முடிந்ததாக அறிவித்துப் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டது. தொகை 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. நிறுவனம் தன் வாயால் சொல்லவில்லை. சாட்சி விசாரணை நடக்கவில்லை. எய்ல்ஸ் தவறு செய்தார் என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. அவர் கடைசிவரை மறுத்தார்; 2017 மே மாதம் காலமானார்.

இந்த 2 கோடியைப் பார்த்து, அமெரிக்கச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு இவ்வளவு கொடுக்கும் என்று நினைப்பவர்கள் பலர். கொடுக்காது. மத்தியச் சட்டப்படி மன உளைச்சலுக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்தே உச்சவரம்பு 3 லட்சம் டாலர்தான். மீதித் தொகை எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த வழக்கின் பாடமே இருக்கிறது. மனு எழுதுவதற்கு முன்பே எடுத்த சில முடிவுகள் அதைத் தீர்மானித்தன: யார் மேல் வழக்கு, எந்தச் சட்டத்தின் கீழ், கையில் என்ன ஆதாரம்.

யார் மேல், எந்தச் சட்டத்தில்

கார்ல்சனின் பணி ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வேலை தொடர்பான எந்தத் தகராறும் நீதிமன்றத்துக்குப் போகாது. நியூயார்க் நகரில் மூன்று பேர் கொண்ட நடுவர் குழுவிடம், அதாவது ஆர்பிட்ரேஷனுக்குப் போக வேண்டும். அங்கே தாக்கலாகும் காகிதங்கள், சாட்சியம், அதற்கு முன் நடந்த சம்பவங்கள் எல்லாமே ரகசியம். இந்த ரகசிய வரிதான் விஷம். ஆர்பிட்ரேஷனில் தோற்றால்கூட நிறுவனத்துக்குப் பெரிய இழப்பில்லை, வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாத வழக்குக்கு நிறுவனம் பெரிய தொகை தருவதற்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. அடுத்த பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும், தனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று தெரிய வழியில்லை.

அவருடைய வழக்கறிஞர்கள் இதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டார்கள். ஒப்பந்தம் கார்ல்சனுக்கும் ஃபாக்ஸ் நியூஸுக்கும் இடையே. எய்ல்ஸ் தன் பெயரில் அதில் கட்சிக்காரர் இல்லை. ஆகவே நிறுவனத்தை விட்டுவிட்டு எய்ல்ஸ் ஒருவரை மட்டும் பிரதிவாதியாக்கினார்கள். நியூ ஜெர்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மனுவின்படி எய்ல்ஸுக்கு அங்கே வீடு இருந்தது.

தனிநபரை இழுக்க வேண்டுமென்றால் மத்தியச் சட்டம் உதவாது. 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி முதலாளி நிறுவனத்தை மட்டுமே பொறுப்பாக்குகிறது. மேலதிகாரி சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. தவிர, அந்தச் சட்டத்தில் முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள், மாநிலத்திலும் அதுபோன்ற அமைப்பு இருந்தால் 300 நாளுக்குள், புகார் கொடுத்தாக வேண்டும். நாள் தவறினால் வழக்கு போயிற்று. உச்சவரம்பும் ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும்: 15 முதல் 100 பேர் உள்ள நிறுவனத்துக்கு 50,000 டாலர், 101 முதல் 200 வரை 1 லட்சம், 201 முதல் 500 வரை 2 லட்சம், அதற்கு மேல் 3 லட்சம். 1991இல் போட்ட வரம்பு, இன்றுவரை ஒரு டாலர்கூட உயரவில்லை. இழந்த சம்பளம் இந்த வரம்புக்கு வெளியே.

கார்ல்சன் தரப்பு எடுத்தது நியூயார்க் நகர மனித உரிமைச் சட்டம். அதில் தனிநபரையும் பிடிக்கலாம். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆணையத்துக்கு முதலில் போகத் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் நேராக வழக்குப் போடலாம். நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. மத்தியச் சட்டத்தில் நடத்தை கடுமையானதாகவோ தொடர்ந்து பரவியதாகவோ இருக்க வேண்டும். நகரச் சட்டத்தில், பெண் என்பதால் மற்றவர்களைவிட மோசமாக நடத்தப்பட்டார் என்று காட்டினால் போதும். ஒரே சம்பவத்துக்கு எந்தச் சட்டத்தில் மனு எழுதுகிறோம் என்பதிலேயே தொகை பல மடங்கு மாறும். பாதிக்கப்பட்டவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலோர் கடைசியில் கேட்கிறார்கள்.

எய்ல்ஸ் தரப்பு இரண்டே நாளில் வழக்கை நெவார்க்கில் உள்ள மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றி, ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பும்படி கேட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு அதைக் கைவிட்டு, மன்ஹாட்டன் மத்திய நீதிமன்றத்தில் அதே கோரிக்கையைப் புதிதாக வைத்தது. ஒப்பந்தம் நியூயார்க்கில் ஆர்பிட்ரேஷன் நடத்தச் சொல்லும்போது, அந்த எல்லைக்குள் இருக்கும் நீதிமன்றத்திடம் உத்தரவு கேட்பது பாதுகாப்பான வழி.

இந்த இடத்தில் கார்ல்சன் தரப்பு தோற்றிருக்கவும் கூடும். நிறுவனம் கையெழுத்திட்ட ஷரத்தை அதன் அதிகாரிகளும் பயன்படுத்தலாம் என்று நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இலேயே சொல்லியிருக்கிறது. தனிநபரை மட்டும் இழுக்கும் உத்தி பூட்டை உடைப்பதில்லை, திறக்கச் சில வாரம் ஆகும்படி செய்கிறது. ஆனால் அந்தச் சில வாரமே போதுமாக இருந்தது. மனு பொது ஆவணமாகிவிட்டது. எந்த நீதிபதியும் ஆர்பிட்ரேஷன் பற்றி முடிவு சொல்வதற்கு முன் வழக்கு முடிந்துவிட்டது.

கையில் இருந்த ஆதாரம்

மனுவில் பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டு இல்லை. 2015 செப்டம்பரில் நடந்த ஒரு சந்திப்பில், நாம் இருவரும் எப்போதோ உடலுறவு வைத்திருந்தால் இரண்டு பேருக்குமே நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் எய்ல்ஸ் பேசியதாக, அவர் சொன்ன வாக்கியமே மேற்கோளாகத் தரப்பட்டிருந்தது. இவ்வளவு துல்லியமாக எழுதும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மனத்தில் ஒரே கேள்விதான் எழும்: பதிவு இருக்கிறதா?

இருந்தது. 2014 முதல் ஒன்றரை ஆண்டுக்கு கார்ல்சன் உரையாடல்களைத் தன் கைபேசியில் பதிவு செய்திருந்ததாகப் பின்னர் செய்தி வெளியானது. நியூயார்க் மாநிலத்தில் உரையாடலில் பங்குபெறும் ஒருவர் சம்மதித்தால் போதும், அதாவது பதிவு செய்பவரே சம்மதித்தவர் ஆகிறார். கலிஃபோர்னியாவில் இதையே செய்தால் அது குற்றம். அங்கே அந்தரங்க உரையாடலில் உள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் வேறு மாநிலத்தில் இருக்கும் தொலைபேசி அழைப்பைப் பதிவு செய்து, தன் வழக்கையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பதிவைத் தொடங்குமுன் இரு மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ சேமிக்கக் கூடாது. வேலையை விட்டு நீக்கும் நாளில் முதலில் பறிபோவது அந்தக் கணக்குதான்.

பதிவு இல்லாத வழக்கில் அதே இடத்தை நிரப்புபவை அன்றைக்கே எழுதிய குறிப்பு, தோழிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, மனிதவளப் பிரிவுக்கு எழுதிய புகாரின் நகல். சம்பவம் நடந்த நேரத்துக்கு எவ்வளவு அருகில் எழுதப்பட்டதோ அவ்வளவு மதிப்பு.

வழக்கு வெளியானதும் வேறு பல பெண்கள் கார்ல்சனின் வழக்கறிஞர்களைத் தொடர்புகொண்டார்கள். நிறுவனம் பால் வைஸ் என்ற சட்ட நிறுவனத்தை வைத்து உள்விசாரணை தொடங்கியது. ஜூலை 21 அன்று எய்ல்ஸ் பதவி விலகினார். அவருக்குக் கிடைத்தது சுமார் 4 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. குற்றம் சாட்டியவருக்குக் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்கு. அவருடைய பணி ஒப்பந்தத்தில் மீதமிருந்த காலத்துக்கான பணம் என்று விளக்கம் தரலாம், ஆனால் அந்தக் கணக்கை எந்த ஊழியராலும் நிம்மதியாகப் படிக்க முடியாது.

நிறுவனத்தின் கைவசம் பதில் இல்லாமல் இல்லை. ஜூன் 23 அன்று ஒப்பந்தக் காலம் முடிந்தது, பார்வையாளர் எண்ணிக்கை குறைவு, அதனால் புதுப்பிக்கவில்லை என்பது எய்ல்ஸ் தரப்பு வாதம். பழிவாங்கல் குற்றச்சாட்டு எல்லாவற்றிலும் சண்டை இந்தக் காரணத்தைச் சுற்றித்தான். காரணம் உண்மையா, பிறகு தேடிப் பொருத்தியதா என்று பார்க்க பழைய மதிப்பீட்டு அறிக்கைகள், அதே எண்ணிக்கையோடு புதுப்பிக்கப்பட்ட மற்றவர்களின் கோப்புகள் எல்லாம் வெளியே வர வேண்டும். எந்த நிறுவனமும் மிகவும் அஞ்சுவது ஆவணங்களைக் கேட்டு வாங்கும் இந்தக் கட்டத்தைத்தான். அது தொடங்கும் முன் முடித்துவிடுவதற்கு அவர்கள் தரும் விலையே சமரசத் தொகையின் பெரும்பகுதி.

தொகை எப்படிப் பேசப்படுகிறது

கார்ல்சன் வழக்கின் பேரம் எப்படி நடந்தது என்பது ரகசியம். சாதாரணமாக நியூயார்க்கில் ஒரு வழக்கு போகும் பாதை தெரிந்ததே. வழக்கறிஞர் முதலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புவார். பெரும்பாலும் தாக்கல் செய்யத் தயாராக இருக்கும் மனுவின் வரைவும் கூடவே போகும். நிறுவனம் பேச விரும்பினால் காலவரம்பை நிறுத்திவைக்கும் ஒப்பந்தம் போடுவார்கள். அதைப் போடாமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்துவிட்டு 300ஆவது நாளைத் தவறவிடுவது, இந்தத் துறையில் மன்னிக்க முடியாத பிழை. பிறகு ஒரு நாள் முழுக்க மீடியேஷன், அதாவது நடுநிலையாளர் ஒருவர் மூலம் பேச்சு. இரு தரப்பும் தனித்தனி அறையில் இருப்பார்கள், மீடியேட்டர் நடந்து நடந்து எண்ணைக் கொண்டுபோவார், கட்டணத்தை இருவரும் பாதிப்பாதி தருவது வழக்கம். மாலை வரை இடைவெளி குறையாவிட்டால் அவரே ஒரு எண்ணை முன்வைப்பார். இருவரும் ரகசியமாக ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். அங்கே பேசியது எதையும் பொறுப்பை நிரூபிக்கப் பின்னர் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

எண் எதிலிருந்து தொடங்குகிறது? இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் சம்பளம், மன உளைச்சல், தண்டனைத் தொகை, எதிர்த்தரப்பு தர வேண்டிவரும் வழக்கறிஞர் கட்டணம். மருத்துவச் சான்று இல்லாத சாதாரண மன உளைச்சலுக்கு நியூயார்க் மத்திய நீதிமன்றங்கள் ஏற்கும் வரம்பாக அடிக்கடி சொல்லப்படுவது 30,000 முதல் 1,25,000 டாலர். ஆகவே ஆண்டுக்கு 70,000 சம்பாதித்த, அடுத்த வேலை ஆறு மாதத்தில் கிடைத்துவிட்ட ஒருவருடைய வழக்கின் கணக்கு சில லட்சங்களில் நின்றுவிடும். கார்ல்சன் போன்ற தொகுப்பாளரின் சம்பளம் பெரிது, எதிரில் இருந்தவர் நிறுவனத்தின் முகம். அந்த எண்ணை மற்றவர்கள் அளவுகோலாக வைத்துக்கொண்டு மீடியேஷனுக்கு வந்தால் பேச்சு முதல் மணியிலேயே முறியும்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: காப்பீட்டு நிறுவனம். பல நிறுவனங்கள் இதற்கென்றே பாலிசி வைத்திருக்கின்றன. பெரும்பாலான பாலிசிகளில் வழக்குச் செலவும் அதே தொகையிலிருந்து கழியும். 10 லட்சம் பாலிசியில் 4 லட்சத்தை வழக்கறிஞர்கள் சாப்பிட்டால் சமரசத்துக்கு மிஞ்சுவது 6 லட்சம். சீக்கிரம் பேசுவதில் லாபம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியச் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, புகார் கொடுத்த பெண் கேட்டால் விசாரணைக்கு முன் சமரசம் செய்யலாம் என்கிறது. ஆனால் பணம் அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் அதே பிரிவு தடுக்கிறது.

காகிதத்தில் இருப்பது

3 லட்சம் டாலருக்கு முடிந்த ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கறிஞர் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை; இங்கே 40 என்றால் 1,20,000. செலவுகள் 10,000. ஒப்பந்தம் வழக்கமாக மூன்று காசோலை சொல்லும். 60,000 சம்பளப் பாக்கியாக, டபிள்யூ-2 என்ற வரிப் படிவத்தில், பிடித்தங்களோடு வரும். 1,10,000 மன உளைச்சலுக்கு, 1099 என்ற வரிப் படிவத்தில், பிடித்தமில்லாமல் வரும். 1,30,000 நேராக வழக்கறிஞருக்குப் போகும். உடலில் காயம் பட்டதற்கான இழப்பீட்டுக்குத்தான் வருமான வரி விலக்கு, மன உளைச்சலுக்கு இல்லை. வழக்கறிஞருக்குப் போன பணமும் சட்டப்படி வாதியின் வருமானமே என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பாகுபாட்டு வழக்குகளில் அதைக் கழித்துக்கொள்ள 2004இல் வந்த சட்டம் மட்டும் இல்லையென்றால், கைக்கு வராத பணத்துக்கும் அவரே வரி கட்டியிருப்பார். மிஞ்சிய 1,70,000இல் வரி போக நிற்பது ஏறக்குறைய 1,20,000. மாநிலத்தையும் மற்ற வருமானத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். பிடித்தமில்லாமல் வந்த காசோலையை முழுதாகச் செலவழித்துவிட்டு, வரி கட்ட வேண்டிய அடுத்த ஏப்ரலில் திகைப்பவர்கள் ஏராளம்.

பேச்சு முடிந்த அன்று இரவே ஒரு பக்கக் குறிப்பில் கையெழுத்து வாங்குவார்கள். தொகையும் தேதியும் மட்டும் இருக்கும் அந்தக் காகிதம் பிணைக்கும் ஒப்பந்தமாகிவிடலாம். ரகசிய ஷரத்து, பிறகு அந்த நிறுவனத்தில் விண்ணப்பிக்கக் கூடாது என்ற ஷரத்து, நற்சான்றுக் கடிதத்தின் வாசகம் எல்லாம் மறுநாள் எதிர்த்தரப்பு அனுப்பும் 15 பக்க வரைவில் தலைகாட்டும். அந்த ஷரத்துகளை அன்றிரவே ஒவ்வொரு வரியாவது எழுதி வாங்கிவிட வேண்டும்.

ரகசிய ஷரத்துக்கு இப்போது ஒரு விலை உண்டு. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம், பாலியல் துன்புறுத்தல் சமரசத்தில் ரகசியம் வைத்தால் அந்தத் தொகையையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனம் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்றது. 21 சதவீத வரியில் 3 லட்சத்துக்கு இது 63,000 டாலர். நிறுவனம் ரகசியம் கேட்டால் இந்த எண்ணை மேஜையில் வைத்தே பேசலாம்: ரகசியத்தை விடுங்கள், அல்லது அதற்குத் தனியாகக் கொடுங்கள். தொகையில் துளிதான் துன்புறுத்தலுக்கு, மீதி வேறு கோரிக்கைக்கு என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பங்கீட்டை வரித்துறை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் 2018 முதல், ரகசியம் புகார்தாரரின் விருப்பமாக இருந்தால் மட்டுமே வைக்கலாம். யோசிக்க 21 நாள், கையெழுத்திட்ட பின் திரும்பப் பெற 7 நாள். 2023 திருத்தம் 21 நாளை முழுதாகக் காத்திராமலும் கையெழுத்திடலாம் என்றது. ரகசியத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்ற முன்கூட்டிய தொகையையும் தடைசெய்தது. அந்த ஏழு நாள் முடியுமுன் பணம் வராது.

பின்னர் வெளியான கணக்கு

பழைய ரகசியங்கள் என்ன செய்தன என்பது இந்த வழக்குக்குப் பின் தெரிந்தது. 2011இல் ஒரு முன்னாள் ஊழியருக்கு 31.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்திருந்ததாகச் செய்தி வந்தது. அதே சேனலின் பில் ஓ'ரைலி தொடர்பாக ஐந்து பெண்களுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் போயிருந்ததை 2017 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அவர் மறுத்தார், ஆனால் அதே மாதம் வேலை போயிற்று. அந்த நிதியாண்டில் இத்தகைய தீர்வுகளுக்குச் சுமார் 5 கோடி டாலர் ஆனதாக நிறுவனமே கணக்குக் காட்டியது. நிர்வாகம் கண்மூடி இருந்தது என்று பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு 2017 நவம்பரில் 9 கோடி டாலருக்கு முடிந்தது; அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டின. 2021இல் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் 10 லட்சம் டாலர் அபராதம் விதித்ததோடு, நகரச் சட்டப்படியான புகார்களில் ஆர்பிட்ரேஷன் ஷரத்தை நான்கு ஆண்டு பயன்படுத்தக் கூடாது என்றும் ஒப்புக்கொள்ள வைத்தது.

கார்ல்சன் தன் சமரசத்தின் விவரங்களைப் பேச முடியாது. ஆனால் சட்டத்தை மாற்றும்படி பேச முடிந்தது, பல ஆண்டு வாஷிங்டனில் பேசினார். 2022 மார்ச் 3 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம், பாலியல் துன்புறுத்தல், பாலியல் தாக்குதல் வழக்குகளில் தகராறுக்கு முன்பே வாங்கிய ஆர்பிட்ரேஷன் ஷரத்தைப் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் செல்லாததாக்குகிறது. எய்ல்ஸை மட்டும் தனியாக இழுக்கும் வளைந்த வழி இன்று தேவைப்படாது. அமெரிக்காவில் வேலைபார்க்கும் தமிழர்கள் நியமனக் கடிதத்தோடு கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஷரத்துக்கும் இது பொருந்தும். தகராறு அல்லது கோரிக்கை அந்தத் தேதியிலோ அதன் பின்னோ எழுந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று வந்த இரண்டாவது சட்டம் தகராறுக்கு முன் வாங்கிய வாய்ப்பூட்டை நீக்கியது. சமரசத்தின்போது போடும் வாய்ப்பூட்டை அது தொடவில்லை. அதனால் கையெழுத்திடுபவர் வரைவில் சில விலக்குகளைத் தானே எழுதி வாங்க வேண்டியிருக்கிறது: கணவன் அல்லது மனைவி, மருத்துவர், மனநல ஆலோசகர், வரிக் கணக்காளர் ஆகியோரிடம் பேசலாம்; காவல்துறைக்கும் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கும் எப்போதும் புகார் கொடுக்கலாம்; வேறொருவர் வழக்கில் சம்மன் வந்தால் உண்மையைச் சொல்லலாம்; தொகை மட்டுமே ரகசியம், நடந்தது ரகசியமல்ல. இதில் கடைசி விலக்கைத்தான் நிறுவனங்கள் விடாப்பிடியாக மறுக்கும். பேரத்தில் பலம் மிச்சமிருக்கும்போது, தொகை முடிவாவதற்கு முன்பே, அதைக் கேட்டுவிட வேண்டும்.